ராக் பாடல்வரிகளில் தனிமனித விடுதலை வேட்கை

ராக் பாடல்களில் விடுதலை என்பது பெரும்பாலும் வெளியேறுதலையே குறிக்கிறது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் டு ரன்' (1975) பாடலில் ஓர் இளைஞன் காதலியுடன் தன் ஊரைவிட்டுத் தப்ப விரும்புகிறான். லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் 'ஃப்ரீ பேர்ட்' (1973) பாடலில் காதலன் உறவில் கட்டுண்டிருக்க இயலாது என்று விடைபெறுகிறான். கிளம்பினால் விடுதலை கிடைக்கும் என்பது இவற்றின் நம்பிக்கை. கிளம்ப வழியில்லாதவர் விடுதலையை எவ்வாறு பாடுவார் என்பது இவற்றில் எழாத கேள்வி.

டிரேசி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்' (1988) அக்கேள்வியை எழுப்புகிறது. குடிகாரத் தந்தையைக் கவனிக்கப் படிப்பை விட்ட பெண், காதலனின் காரில் நகரத்துக்குச் செல்கிறாள். அங்கும் அதே வறுமை, அதே குடி. ஊர் மாறுகிறது, நிலை மாறவில்லை.

தமிழில் இக்கேள்வி ராக் இசைக்கு மிகவும் முற்பட்டது. தென்காசியை அடுத்த செங்கோட்டையில் வாழ்ந்த ஆவுடையக்காள் இளமையிலேயே கணவனை இழந்தவர் என்பர். வீட்டைவிட்டு வெளியேறுவது எளிதல்லாத அக்காலப் பெண்ணின் நிலையிலிருந்து, கும்மி, அம்மானை போன்ற பெண்களுக்குப் பழகிய வடிவங்களில் அவர் அத்வைதம் பாடினார். தீட்டு, மடி ஆகியவற்றைக் கேள்விக்கு உட்படுத்தினார். அவர் கண்ட வழி ஊருக்கு வெளியே செல்லவில்லை, உள்நோக்கிச் சென்றது.

சென்னையில் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரியில் முதன்முதலாக மேடையேறியது. கானா, பறை, ராக், ராப் ஆகியவை கலந்த இசை அதனுடையது. அயோத்திதாசர் வழங்கிய 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து குழுவின் பெயர் அமைந்தது. எங்கு சென்றாலும் சாதி பின்தொடரும் சமூகத்தில் வெளியேறுதல் தீர்வாகாது. எனவே இக்குழுவின் பாடல்கள் இருக்கும் இடத்திலேயே மதிப்புடன் வாழும் உரிமையைக் கோருகின்றன. இட ஒதுக்கீட்டை இழித்துப் பேசுவோருக்கு விடையளிக்கும் 'கோட்டா' பாடல் இதற்குச் சான்று. ராக் பாடலின் 'நான்' இங்கு 'நாங்கள்' ஆகிறது.

இந்த 'நாங்கள்' தனிமனிதக் குரலை மறைத்துவிடும் என்று ஒருவர் கருதலாம். முழக்கமாகவே நின்றுவிடும் வரிகளில் அக்குறை உண்டு. ஆயினும் ஆண்களே மிகுதியாகப் பாடிவந்த கானாவில் இசைவாணி என்ற பெண் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது இக்குழுவில்தான். 2020ஆம் ஆண்டு பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலிலும் அவர் இடம்பெற்றார். கூட்டத்தை விட்டு விலகாமலேயே ஒருவர் தம் குரலை அடையலாம் என்பதற்கு அவர் சான்று.

ஒரு விடுதலைப் பாடலை மதிப்பிடும்போது, பாடுபவர் எங்கே போக விரும்புகிறார் என்பதோடு, அவரால் போக முடியுமா என்பதையும் கேட்க வேண்டும்.