கருமணலுக்கு ஒரு அடைமொழி

எடுத்தால் தீர்ந்துபோவது கனிமம். அதைத் தோண்டும் தொழிலுக்கு ‘சஸ்டெய்னபிள்’ என்ற அடைமொழி எப்படிப் பொருந்தும்? கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இதற்கு ஒரு பதில் உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் இங்கே மோனசைட்டைக் கண்டறிந்தார். கேஸ் விளக்கு மேன்டிலுக்கு வேண்டிய தோரியத்துக்காக அன்று அள்ளத் தொடங்கினார்கள். இன்று மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.லின் ஆலை இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் எனப் பிரித்தெடுக்கிறது. நூறாண்டு கடந்தும் கருமணல் வந்துகொண்டிருக்கிறது.

கொண்டுவருவது கடல். வெண்மணலின் அடர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு ஏறத்தாழ 4.7. தென்மேற்குப் பருவ அலை லேசான வெண்மணலை இழுத்துப்போக, கனத்த கருமணல் கரையில் தங்குகிறது. ஆலைத் தரப்பின் வலுவான வாதம் இதுதான். கதிர்வீச்சுக்குக் காரணமான மோனசைட்டை நீக்கிய மணலைக் குழியில் திரும்பக் கொட்டினால் அங்கே கதிர்வீச்சு குறையும் என்பதும் உண்மையே.

கதிர்வீச்சை முதல் குற்றச்சாட்டாக வைப்பது எதிர்ப்பாளர்களின் வழக்கைப் பலவீனப்படுத்துகிறது என்பேன். கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. அம்முடிவை மணவாளக்குறிச்சிக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கருமணல் செறிவது, கரை அரிபடுவதன் அடையாளமும்கூட. கடல் அமைதியான காலத்தில் வெண்மணல் திரும்பிக் கரை மேடேறும்போது, அள்ளிய பங்கு அந்தக் கணக்கில் துண்டு விழும். ஆற்று வண்டலை அணைகளும், கரையோர மணல் ஓட்டத்தைத் தூண்டில் வளைவுகளும் மறிக்கின்றன என்பதால் பழி முழுவதும் ஆலைக்கல்ல. ஆனால் ஆலைக்குச் சரக்கு வருவது வேறு, கரை நிலைப்பது வேறு. அடைமொழி முதலாவதை மட்டும் அளந்துவிட்டு இரண்டாவதற்கும் சேர்த்துச் சான்றிதழ் தருகிறது. அலை எட்டாத நிலத்தில் தோண்டினால் கடல் கொண்டுவந்து தருகிறது என்ற வாதமும் செல்லாது.

கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் அள்ளும் ஐ.ஆர்.இ.எல். திட்டத்தின் கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 அக்டோபரில் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் மோனசைட் போன்ற அணுக் கனிமங்களின் சுரங்கங்களுக்கு அக்கூட்டமே தேவையில்லை என்று மத்திய அரசு விலக்களித்தது. கேட்கும் இடமும் இல்லையென்றால், கணக்கையாவது காட்ட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கரையின் அகலத்தை அளந்து, சின்னவிளை, பெரியவிளை, கடியப்பட்டணம் மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிடட்டும். அதுவரை அந்த அடைமொழியை ஆலை தன் அறிக்கைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும்.