பத்துக் குச்சிக் கவண்

ஐஸ்குச்சி பத்து, ரப்பர் பேண்ட் நான்கைந்து, தண்ணீர் பாட்டில் மூடி ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும்.

எட்டுக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரு முனைகளையும் ரப்பர் பேண்டால் இறுக்க வேண்டும். மீதி இரண்டை ஒரு முனையில் மட்டும் சேர்த்துக் கட்டி, நடுவே அந்த அடுக்கைக் குறுக்காகச் செருகினால், முதலை வாய் பிளந்ததுபோல் நிற்கும். மேல்குச்சியின் நுனியில் மூடியை ஒட்டிவிட்டால் கவண் தயார். மதுரை மதில்மேல் இருந்த பொறிகளைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் குறிப்பிடும் கல்லெறி கவணுக்கு இது தூரத்து உறவு.

மூடியில் காகித உருண்டையை வைத்துக் குழந்தை விரலால் அழுத்துகிறது. குச்சி வளைகிறது, விரலை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த வளைவில் சேர்ந்திருப்பதுதான் நிலையாற்றல். விரலை எடுத்ததும் அது இயக்க ஆற்றலாகி, உருண்டை சோபாவைத் தாண்டிப் பறக்கிறது. பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த வரி, இங்கே விரல் நுனியில் புரிகிறது.

இதைவிட அருமையானது, அடுத்து வரும் கேள்வி: எட்டுக்குப் பதில் ஐந்து குச்சி அடுக்கினால்? சாய்வு மாறும், குச்சி வளையும் அளவும் குறையும். காகிதத்துக்குப் பதில் பஞ்சு வைத்தால், காற்று அதைச் சீக்கிரமே தடுத்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மும்மூன்று முறை எறிந்து, தூரத்தைக் குறித்துச் சராசரி பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்திலும் நடக்கிறது.

கல்லும் கோலிக்குண்டும் வேண்டாம். யார் முகத்துக்கும் நேரே எறியவும் கூடாது. அளவு நாடாவை மட்டும் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.