நெருங்கி எய்வதில் என்ன நியாயம்?

வட அமெரிக்காவில் கருங்கரடியை வில்லால் வேட்டையாடுவோர் தங்கள் முறைக்குச் சொல்லும் முதல் நியாயம் தூரம். துப்பாக்கிக்காரர் 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே சுட்டுவிடலாம்; வில்லாளியோ 15, 20 மீட்டர் வரை கரடியை வரவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1920இல் வில்லாளிகளான சாக்ஸ்டன் போப்பும் ஆர்தர் யங்கும் அருங்காட்சியகம் ஒன்றுக்காக யெல்லோஸ்டோனில் கிரிஸ்லி கரடிகளை அம்பெய்து வீழ்த்தினார்கள். இப்படி நெருங்குவதை வீரம் என்று பேசுவது வழக்கம். ஆனால் அதன் உண்மையான பயன், கரடியைப் பார்த்து முடிவெடுக்கக் கிடைக்கும் அவகாசம்.

அருகில் நிற்கும் கரடி நிறையச் சொல்லும். தலைக்குப் பொருந்தாமல் காது பெரிதாகத் தெரிந்தால் அது இளங்கரடி. அகன்ற தலையில் காதுகள் சிறுத்து விலகியிருந்தால் முதிர்ந்தது. பின்னங்கால்களில் எழுந்து நிற்பது பாய்வதற்கு அல்ல, பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும்தான். மூச்சைச் சீறுவதும் தாடையைப் படபடவென அடிப்பதும் பெரும்பாலும் பதற்றத்தின் அடையாளங்கள். சத்தமின்றி, கண்ணெடுக்காமல் நெருங்கி வரும் கரடிக்குத்தான் அஞ்ச வேண்டும். கருங்கரடிகள் மனிதரைக் கொன்ற நிகழ்வுகளை ஆராய்ந்த ஸ்டீபன் ஹெரேரோ குழுவினரும், அவற்றில் பெரும்பாலானவை இரைதேடி வந்த தனிக் கரடிகளின் செயல் என்றே கண்டனர்.

ஆனால் இந்த நெருக்கம் பல இடங்களில் தானாக அமைவதில்லை. பீப்பாயில் டோனட்டும் எண்ணெய்ப் பண்டமும் போட்டுவிட்டுப் பரணில் காத்திருக்கிறார்கள். கொலராடோ மக்கள் 1992இல் வாக்களித்து இதற்குத் தடை விதித்தனர். மெய்ன் மாநில மக்கள் 2004, 2014 இரு முறையும் தடையை நிராகரித்தனர். மெய்னின் அடர்காட்டில் தீனி வைக்காமல் கரடியை நின்று நிதானித்துப் பார்ப்பது அரிது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆகவே தேர்ந்து எய்வதற்குத் தீனி உதவுகிறது என்பதை ஏற்கலாம். வீரத்துக்கு அது சான்றாகாது. அந்தத் தேர்வும் முழுமையானதல்ல. குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியாக வரும் தாய், பரணிலிருந்து பார்த்தால் குட்டியில்லாத கரடிதான்.

பெரிய குறை அம்பு தைத்த பிறகு வருகிறது. அம்பு குருதியிழப்பால் கொல்கிறது. இரு நுரையீரல்களையும் துளைத்தால் சாவு விரைந்து வரும். குறி சற்று உயர்ந்தாலும் கொழுப்பு காயத்தை அடைத்துக்கொள்ளும். அடர்ந்த ரோமம் குருதியை உறிஞ்சிவிடும். அந்தி மங்கிய காட்டில் தடம் அற்றுப்போகும். கரடியின் மனநிலையைச் சரியாகப் படித்தவர்கூட நுரையீரலை மறைக்கும் அதன் முன்னங்கால் முன்னே நகரும்வரை பொறுக்காவிட்டால் படித்ததெல்லாம் வீண்.

அலாஸ்காவின் சில பகுதிகளில், காயப்பட்டுத் தப்பிய கரடியும் வேட்டைக்காரருக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் கழிக்கப்படுகிறது. வில்வேட்டை நடக்கும் இடமெல்லாம் இவ்விதி வர வேண்டும். தவறிய அம்புக்கும் விலை உண்டென்றால், ஐயமுள்ள வேளையில் நாணைத் தளர்த்தும் பழக்கம் வளரும். நெருங்குவதற்கு அதைவிட நல்ல நியாயம் இல்லை.