உறையைத் தூக்கிப் போடாதீங்க

பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூலகம் அவருக்கு வந்த கடிதங்களைக் காத்து வருகிறது. 1877 முதல் 1900 வரையிலானவை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பில் ‘கடிதக் கருவூலம்’ என்று 2018-இல் நூலாகவும் வந்தன. அதே உ.வே.சா.வுக்கு 2006-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. தலை ஆல்பத்துக்குப் போகும், கடிதம் ஆவணக் காப்பகத்துக்குப் போகும். இரண்டு கூட்டமும் சந்திப்பதே இல்லை.

என் குறை இதுதான். ஆய்வாளர் எழுத்தை எடுத்துக்கொண்டு உறையை விடுகிறார். ஸ்டாம்ப் சேர்ப்பவர் தலையை உரித்துக்கொண்டு உறையை விடுகிறார். தொலைவது தபால் முத்திரையும் விலாசமும். தேதி போடாத கடிதத்துக்கு முத்திரைதான் தேதி. விலாசமும் சாட்சி சொல்லும்: உ.வே.சா. 1903-இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து சென்னைக்கு மாறினார். கும்பகோணம் கல்லூரி விலாசம் என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தைய கடிதம். 1879-இல் வந்த காலணா கார்டு மட்டும் தப்பித்தது. விலாசமும் விஷயமும் ஒரே அட்டை ஆச்சே!

நானும் யோக்கியன் இல்லை. மயிலாப்பூரில் தாத்தாவுக்கு வந்த கவர்களைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தலையை உரித்தவன்தான். ஆல்பம் இருக்கு, கடிதங்களும் இருக்கு. எது எப்போ வந்ததுன்னு சொல்லத்தான் எதுவுமில்லை.

அட்டவணை போடுகிறவர்கள் உறைக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்.