பீட்டா படிகமும் பிழைக்கும் உரிமையும்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வாசலில் விடிந்ததுமே வெளியூர்க்காரர்கள் வந்து காத்திருப்பார்கள். கையில் மஞ்சள் பை, அதற்குள் ஸ்கேன் கவர். அங்கே ‘டிரிப்ஸ்’ என்றால் குளுகோஸ் ஏற்றுவது. 1995இல் உலக வர்த்தக அமைப்போடு வந்த அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்துக்கும் அதே பெயர்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதுமில்லை. ஆனால் மாத்திரையின் விலையை எழுதுவது அந்த இன்னொரு டிரிப்ஸ்.

க்ளிவெக் கதையில் அது கண்ணெதிரே நடந்தது. ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்குத் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை. 2003இல் நோவார்ட்டிஸ் கம்பெனி அதை இந்தியாவில் விற்கும் தனியுரிமையைப் பெற்றது. மாதச் செலவு சுமார் 1,20,000 ரூபாய். நம்மூர் கம்பெனிகளின் அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய்.

அந்த மருந்தின் படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டுச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 1998லேயே கம்பெனி போட்டு வைத்த விண்ணப்பம், மருந்துகளுக்கும் காப்புரிமை தந்த 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மேசைக்கு வந்தது. மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் ஆட்சேபித்தது. காப்புரிமை தரும் முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு. ‘உனக்கென்ன நஷ்டம்?’ என்று யாரும் கேட்க முடியாது. நோயாளிகள் தரப்பு எதிர்ப்பின் முழு பலமும் இந்த ஒரு ஜன்னலில் இருக்கிறது. வர்த்தக ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துக்கு முன் ஒரு நோயாளி இப்படிக் குறுக்கே நிற்க வழியில்லை.

2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தெரிந்த மருந்தின் புது வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்கிற, சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கைக் கைவிடச் சொல்லி உலகெங்கும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2007 ஆகஸ்டில் நீதிபதிகள் ஆர்.பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். குடிமக்களுக்கு நல்ல மருத்துவம் தருவது அரசின் அரசியலமைப்புக் கடமை என்ற பேச்சு அந்தத் தீர்ப்பில் உண்டு. 1 ஏப்ரல் 2013 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது.

ஆனால் கடைசியில் வென்ற வாதம் எது? மருந்தின் பீட்டா படிக வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றது கம்பெனி. சேர்வது வேறு, நோயைக் கூடுதலாகக் குணப்படுத்துவது வேறு என்றது நீதிமன்றம். பதாகையில் இருந்தது உயிர் வாழும் உரிமை. தராசைச் சாய்த்தது வேதியியல். நிஜமாகவே புதிதான ஒரு மருந்து வந்து, அதற்கும் மாதம் லட்ச ரூபாய் என்றால், இந்த வெற்றி அங்கே உதவாது.

அப்போது மிச்சமிருப்பது, காப்புரிமை உள்ள மருந்தை வேறு கம்பெனி செய்ய அரசே அனுமதிக்கும் கட்டாய உரிமம். 2012இல் நாட்கோவுக்கு அது கிடைத்ததும், பேயர் கம்பெனி நெக்சாவர் என்ற பெயரில் மாதம் சுமார் 2.8 லட்சத்துக்கு விற்ற புற்றுநோய் மருந்து, 8,880 ரூபாய்க்குள் வந்தது. அதை உறுதி செய்தது சென்னை தேனாம்பேட்டையில் இயங்கிய அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம். தலைவர் அதே பிரபா ஸ்ரீதேவன். அதற்குப் பின் இன்னொரு கட்டாய உரிமம் கிடைக்கவில்லை. வாரியத்தையும் 2021இல் மூடிவிட்டார்கள்.

இன்னொரு நெருடல். சங்கத்தோடு சேர்ந்து ஆட்சேபித்தவை சிப்லா, நாட்கோ போன்ற கம்பெனிகள். லாபம் இல்லாத நோய்க்கு இந்தக் கூட்டாளிகள் வரமாட்டார்கள். நோவார்ட்டிஸ் க்ளிவெக்கை ஆயிரக்கணக்கானோருக்கு இலவசமாகக் கொடுத்து வந்ததை, அது தானம், உரிமை ஆகாது என்று காப்புரிமையை எதிர்த்த இயக்கத்தார் ஒதுக்கினார்கள். கொள்கையளவில் சரி. ஆனால் கூலி வேலைக்காரருக்கு மாதம் 8,000 மட்டும் கட்டுப்படியாகுமா? அந்தப் பேச்சை வழக்கு வென்ற சூட்டில் யாரும் எடுக்கவில்லை என்பது என் மனக்குறை.

நோயாளியின் குரல் மெதுவாகத்தான் வந்தது. 2023 மார்ச்சில், காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் தங்கள் பெயரிலேயே ஆட்சேபித்து, பெடாக்குவிலின் மருந்தின் காப்புரிமை நீள்வதைத் தடுத்தார்கள். ஓராண்டு கழித்து, 2024 மார்ச் 10 அன்று, நோவார்ட்டிஸின் தாயகமான சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா வர்த்தக ஒப்பந்தம் செய்தது. ஐந்தே நாளில் காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டன. 25(1) அப்படியே இருக்கிறது. ஆனால் ஆட்சேபிக்க இப்போது கட்டணம் உண்டு. மனு நிற்குமா என்று முதலில் அதிகாரி பார்ப்பார்.