தண்ணீருக்கு எல்லை போட்டவர்கள்: பாடு முறையின் நிறையும் குறையும்

எண்ணூர் முகத்துவாரத்தில் சர்வே கல் நட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. கொசஸ்தலையாறு பெருகும்போது ஒரு மணல்திட்டு கரையும், இன்னொன்று எழும்பும். இப்படிப்பட்ட தண்ணீரில் இன்ன இடம், இன்ன நாள், இன்னார் வலை என்று மீனவக் குப்பங்கள் தலைமுறைகளாகப் பிரித்துக்கொண்டு தொழில் செய்திருக்கின்றன. எண்ணூர்க் கழியிலும், பக்கிங்காம் கால்வாய் வழியே அதோடு இணைந்த பழவேற்காடு ஏரியிலும் இந்த ஏற்பாட்டைப் பாடு என்பார்கள். சுற்றுச்சூழல் மேடைகளில் அது சமத்துவத்தின் சான்றாகப் பேசப்படுகிறது. அரசு அலுவலகத்திலோ, பட்டா இல்லாத பழக்கம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இதன் பலம் எது, கோளாறு எது என்று பிரித்துப் பார்த்தால் இரண்டு பேச்சுமே நிற்காது.

அமைப்பு பழவேற்காட்டில் தெளிவாகத் தெரியும். முகத்துவாரத்தை ஒட்டி ஓட்டம் வேகமாக இருக்கும் சில இடங்களில்தான் சுத்துவலைக்கு இறால் நிறைய விழும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் என்ற மீனவச் சாதிக் குடும்பங்கள் அந்த இடங்களைத் தமக்குள் முறைவைத்துக்கொண்டன. கல்யாணமான ஆண் ஊர்க் கணக்கில் ஒரு தலைக்கட்டாக ஏறுவார். அவருக்கு முறையில் இடம் உண்டு. சீட்டுப் போட்டு வரிசை எடுப்பார்கள். இன்று நல்ல ஓட்டத்தில் வலை கட்டியவர் அடுத்த முறையில் சப்பையான இடத்துக்குப் போவார். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும்.

நிலத்தைப் போல ஆளுக்கொரு துண்டாகத் தண்ணீரை அளந்து கொடுத்திருந்தால், முகத்துவாரம் நகர்ந்த அன்றே ஒருவர் பணக்காரர், இன்னொருவர் கடனாளி. இடத்தைக் கொடுக்காமல் முறையைக் கொடுத்ததால் ஆற்றின் நல்லதும் கெட்டதும் எல்லார் வீட்டுக்கும் சுற்றி வந்தது. காவலுக்குத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. நாளை இதே இடத்துக்கு வர வேண்டியவரே இன்று எல்லை மீறுகிறவரைக் கவனித்துக்கொள்வார்.

இந்த யோசனை கடலோரத்துக்கு மட்டும் தோன்றியதன்று. இடைக்கால இங்கிலாந்தின் பல கிராமங்களில் வேலியில்லாத இரண்டு மூன்று பெரிய வயல்களை நீளப் பட்டைகளாகப் பிரித்தார்கள். ஒரே குடும்பத்தின் பட்டைகள் நல்ல மண்ணிலும் மட்ட மண்ணிலும் சிதறிக் கிடக்கும். நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊரில் அந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் பட்டைகளைக் காட்டும் 1635ஆம் ஆண்டு வரைபடமும் உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் ஊர் நடுவர் குழு வயலில் இறங்கி, பொதுப் புல்தரையை யாராவது உழுது சேர்த்துக்கொண்டார்களா என்று பார்த்து அபராதம் விதிக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே, தொண்டைமண்டல ஊர்களில் கரையீடு இருந்தது. ஊர் நிலம் பங்குகளாகக் கணக்கிடப்படும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எந்தப் பங்குக்கு எந்த வயல் என்பதை மாற்றிப் போடுவார்கள். 1708இல் திருவொற்றியூர், கத்திவாக்கம் உள்ளிட்ட ஐந்து கிராமங்கள் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தன. இந்த வட்டாரத்து நில உரிமை கம்பெனிக்குப் புரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. மிராசு என்ற அந்தப் பரம்பரைப் பங்குரிமை பற்றி அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு, சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் எழுதிய பதில்கள் 1818இல்தான் அச்சேறின.

பாடு மீன்வளத்தைக் காக்கும் முறை என்றும் சிலர் சொல்கிறார்கள். இது அதற்கு இல்லாத புகழ். ஒரே நேரத்தில் ஓரிடத்தில் எத்தனை வலை நிற்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. விழுந்ததில் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு இல்லை. முறை பகிர்ந்து கொடுப்பது வாய்ப்பைத்தான். இறால் ஏற்றுமதிப் பண்டமாகி விலை ஏறியதும் இந்த வேறுபாடு வெளிப்பட்டது. முறைக்குள் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு நாளும் விலைமதிப்புள்ளதாயிற்று. வெளியே நின்றவர்கள் ஏன் வெளியே நிற்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

பாடு முறையின் பெரிய கோளாறு அந்தக் கேள்வியில் இருக்கிறது. தலைக்கட்டுக் கணக்கு சாதி வழியாகவும் ஆண் வழியாகவும் போகிறது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும், ஏரியை நம்பியிருந்த தலித் குடும்பங்களுக்கும் அதில் பெயரில்லை. பிடித்த மீனைக் கூடையில் ஏற்றி விற்றுக் காசாக்கும் பெண்ணுக்கும் தன் பெயரில் முறை கிடையாது. கரையீட்டிலும் இதே கதைதான்: மிராசுதாரர்களுக்குள் வயல் சமமாகச் சுற்றியது, சேற்றில் இறங்கிய பண்ணையாட்களுக்குப் பங்கே இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் எவ்வளவு நேர்மையாகப் பகிர்ந்துகொண்டாலும், கதவு யாருக்குத் திறக்கிறது என்ற கேள்விக்கு அந்த நேர்மை பதிலாகாது.

நவீன அரசு எண்ணூரில் இந்தக் கதவைத் திறந்திருக்கலாம். ஆனால் அது வீட்டையே இடித்தது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழி, கட்டுமானத்துக்குத் தடையுள்ள நீர்ப்பகுதியாக இருந்தது. 2009ஆம் ஆண்டினது என்று பின்னால் காட்டப்பட்ட வரைபடத்தில் கழியே காணாமல் போயிருந்தது. 2017இல் இது அம்பலமானபோது மீனவர்கள் தண்ணீரில் இறங்கி நின்று போராடினார்கள். வலை கட்டும் இடம் ஒவ்வொன்றும் ஊருக்குத் தெரியும். அரசின் காகிதத்தில் ஒன்றும் பதிவாகவில்லை. அதனால்தான் ஒரு கழியைத் தாளில் அழிப்பது அவ்வளவு எளிதாயிற்று.

எழுதப்படாத உரிமையின் பலவீனம் இங்கே முழுதாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தும் ஊர் விதி கழிக்கரையில் நிற்கும் அனல்மின் நிலையத்தைக் கட்டுப்படுத்தாது. அதன் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த இடம் ஒருவர் முறையில் வந்தால் அவர் வெறுங்கையோடு திரும்புவார். அடுத்த நாள் அடுத்தவர். நஷ்டத்தையும் சமமாகப் பங்கிடுவதற்கு மேல் பாடு ஒன்றும் செய்ய முடியாது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழியில் படிந்தபோது, நிவாரணம் குடும்பத்துக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கிடப்பட்டது. கெட்டுப்போன வலை கட்டும் இடத்துக்கு அந்தக் கணக்கில் தலைப்பே இல்லை. முன்பு சொன்ன வேலியில்லா வயல்களும் இப்படித்தான் பறிபோயின: இங்கிலாந்தில் 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் சுமார் 68 லட்சம் ஏக்கரைத் தொட்டன. அங்கே நாடாளுமன்றம் சட்டம் போட்டு அடைத்தது. எண்ணூரில் சட்டம்கூடத் தேவைப்படவில்லை.

அப்படியானால் பாடு முறையை அப்படியே சட்டமாக்கிவிடலாமா? இலங்கையின் நீர்கொழும்புக் கழிமுகத்தில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கட்டுவலை இடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் அங்குள்ள வழக்கத்தை 1958ஆம் ஆண்டு விதிகள் அரசு ஆணையாக்கின. நான்கு மீனவர் சங்கங்களின் உரிமைக்கு அதனால் பாதுகாப்பு கிடைத்தது. கூடவே, தகப்பன் வழியில் உறுப்பினரானவர்களுக்கு மட்டும் என்ற வாசலும் சட்டத்தின் துணையோடு இறுகியது. வழக்கமாக இருந்தவரை ஊர் கூடி மாற்றியிருக்கக்கூடியதை, அதன் பிறகு அரசிதழ்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே பாடு முறைக்குள் இருக்கும் இரண்டு எல்லைகளைப் பிரித்துக் கையாள வேண்டும். ஒன்று, தண்ணீரின் எல்லை: வலை கட்டும் இடங்கள், நீரோட்டப் பாதை, மீன் காயவைக்கும் திடல். 2011ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மீனவர்களின் பொதுச் சொத்துகளை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது; 2019ஆம் ஆண்டு அறிவிக்கையும் அதையே சொல்கிறது. எண்ணூரில் அதை ஊராரை வைத்துக்கொண்டு, பெயர் பெயராகக் குறிக்க வேண்டும். முகத்துவாரம் நகரும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தவும் வேண்டும். மற்றொன்று, ஆட்களின் எல்லை. அதைச் சட்டத்தில் உறைய விடக் கூடாது. கழியை நம்பிப் பிழைக்கும் இருளரும் தலித்துகளும் பெண்களும் உட்கார்ந்து பேசும் இடத்தில் அது ஒவ்வொரு முறையும் விவாதத்துக்கு வர வேண்டும்.

குப்பத்துப் பெரியவர்களுக்கு இதில் வருத்தம் இருக்கும்: காலங்காலமாகக் காத்த உரிமையை இன்னும் பலரோடு பகிர வேண்டியிருக்கும். ஆனால் சில நூறு தலைக்கட்டுகளுக்கு மட்டும் சொந்தமான தண்ணீரை ஒரு வரைபடத்தில் அழித்தபோது, வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அதைத் தங்கள் இழப்பாக நினைக்கக் காரணம் குறைவாகவே இருந்தது. உரிமைக்காரர்களின் எண்ணிக்கை கூடினால் ஆளுக்குக் கிடைக்கும் நாள் குறையும், கழிக்காக வாதாடும் குரல் பெருகும். துறைமுகமும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த எண்ணூரில் இரண்டாவதுதான் இப்போது அதிகம் தேவைப்படுகிறது.