தண்டாவது யார்?

மண்ணில் தனித்தனியே வாழும் சளிப்பூஞ்சை அமீபாக்கள், உணவு தீர்ந்ததும் ஆயிரக்கணக்கில் கூடி ஓருடலாகின்றன. அவற்றை அழைப்பது யார்? தலைமைச் செல் ஒன்று இருக்க வேண்டும் என்றே உயிரியலாளர் பலர் நம்பினர். 1970இல் ஈவ்லின் ஃபாக்ஸ் கெல்லரும் லீ சீகலும் தலைமை தேவையில்லை எனக் கணிதத்தால் காட்டினர்: ஒவ்வொரு செல்லும் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டு, அது செறிந்த பக்கம் நகர்ந்தாலே போதும். ஆனாலும் தலைமைச் செல்லைத் தேடுவது நிற்கவில்லை. மையத்தில் ஓர் ஆளுநரை வைக்கும் விளக்கம் மட்டும் நமக்கு ஏன் இத்தனை இயல்பாகப் படுகிறது என்று 1983இல் ஒரு கட்டுரையில் கெல்லர் கேட்டார்.

பெண்ணியர்களுக்கு இனிக்கும் கேள்வி இது. எனக்கும் இனித்தது. ஆனால், கதை அங்கே முடியவில்லை. கூடிய அமீபாக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்டாகி இறக்கின்றன. மற்றவை அதன் உச்சியில் வித்துகளாகிப் பிழைக்கின்றன. தலைமை இல்லை, பலி இருக்கிறது.

‘நமக்குத் தலைவர் வேண்டாம்’ என்று முடிவெடுத்த கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன். குறிப்பெடுத்தவள், தேநீர் போட்டவள், எல்லோரும் போனபின் நாற்காலிகளை அடுக்கியவள் பெரும்பாலும் ஒருத்தியே.

தலைவர் யார் என்று கேட்பதை விட்டுவிட்டோம், நல்லது. தண்டு யார் என்று கேட்கத் தொடங்குவோம்.